அறுபது கிலோ மூட்டையும் என் வீட்டுக்காரரும்

வண்டியை எந்தக் கிளாசில் ஓட்டுவது என்று முடிவு செய்வதற்குள் எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஓடிவிட்டது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில்கூட அவ்வளவு பேச்சு நடந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. சென்னைக்கு அப்பால் பழைய விமான ஓடுதளம் ஒன்றில் மோட்டார் சைக்கிள்களை நேர்கோட்டில் விரட்டி, எந்த வண்டி எவ்வளவு வேகம் போகிறது என்று பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. பந்தயம் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது கிடையாது. ஒவ்வொரு வண்டியும் தனியாக ஓட வேண்டும். நடுவில் அளந்து வைத்திருக்கும் தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதை வைத்து வேகத்தைக் கணக்குப் போடுவார்கள். நோட்டீசைக் கொண்டு வந்தவன் என் தம்பி. கீழ்பென்னாத்தூரிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றுகிற வேன் அவனுடையது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனவன் அங்கே ஒட்டியிருந்ததைக் கேட்டு வாங்கி வந்துவிட்டான்.

"மாமா, நம்ம வண்டி போலாமா?" என்று என் வீட்டுக்காரரிடம் நீட்டினான்.

அவர் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "உங்க அக்காவக் கேளு. அவ இஷ்டம்" என்றார்.

அந்த 'இஷ்டம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு அப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். காரணத்தைச் சொல்கிறேன்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வீடு. மாடியில் இரண்டு ரூம். வெள்ளைக்காரர்களுக்கும் வடநாட்டுக்காரர்களுக்கும் வாடகைக்கு விடுவோம். கீழே அவருடைய மெக்கானிக் ஷெட். எல்லாரும் ரோட்டில் போகிற வண்டியை ரிப்பேர் செய்வார்கள் என்றால் இவர் ரோடே இல்லாத இடத்துக்குப் போகிற வண்டி ஒன்றைச் செய்தார். பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டி ஒன்றை வாங்கி, மட்கார்டைத் தூக்கி வைத்து, அகலமான ஹேண்டில்பார் போட்டு, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் மாட்டி, சைலன்சரை இடுப்பு உயரத்துக்கு வளைத்து ஏற்றினார். அதில் ஜவ்வாது மலைக்குப் போய் அங்கே ஊர் ஊராகப் பம்பு செட்டும் மாவு மெஷினும் ரிப்பேர் செய்துவிட்டு வருவார். போகிற இடமெல்லாம் யாரோடாவது ஒரு சண்டை. டீ ஆறிப்போனால் டீக்கடைக்காரரோடு, பஸ் ஒதுங்காவிட்டால் டிரைவரோடு, வெயில் அடித்தால் வெயிலோடு. வீட்டில் என்னோடு. நானும் சும்மா இருக்கிறவள் இல்லை. எங்கள் சத்தத்தில் மாடியில் தியானத்துக்கு உட்கார்ந்த ஒரு வெள்ளைக்காரம்மா மறுநாளே ரூமைக் காலி செய்துகொண்டு போனாள்.

ஒரு மழை நாளில் மலையிலிருந்து இறங்கும்போது வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தார். வலது கால் முட்டி போய்விட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கால் நின்றது, ஆனால் மடங்கவில்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு வண்டியின் மேல் ஏறி உட்கார முடியாது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அந்த மனுஷன் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். சாம்பாரில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிடுவார். ஷெட் வாடகைக்கு ஆள் பார்க்கட்டுமா என்றால், "உன் இஷ்டம்." ஆஸ்பத்திரிக்கு எப்போது போகலாம் என்றால், "உன் இஷ்டம்." இரண்டு வருஷமாக இதே பாட்டு. அக்கம்பக்கத்தில், "பரவால்லயே, உங்க வீட்டுக்காரரு நல்லா அடங்கிட்டாரு" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொல்வார்கள். போங்கடி, உங்க வாயில மண்ணு, என்று மனசுக்குள் திட்டுவேன்.

அவரை ஆஸ்பத்திரிக்கும் பஜாருக்கும் அழைத்துப் போக அந்த வண்டிக்கு இடப்பக்கம் ஒரு சைடு கார் மாட்ட வைத்தேன். வெல்டிங் கடையில் சட்டம் அடித்து, ஸ்கூட்டர் சக்கரம் ஒன்றை வைத்து, காலை நீட்டி உட்காருகிற மாதிரி சீட்டு. ஓட்டுவது நான். அவருடைய பேண்டைப் போட்டுக்கொண்டு, கிக்கரை மிதித்து மிதித்து, ஒரு தடவை அது திருப்பி அடித்ததில் கணுக்கால் வீங்கி, கடைசியில் கற்றுக்கொண்டேன். பஜாரில் நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன வந்தது?

இப்போது நோட்டீசுக்கு வருகிறேன். அதில் என்ஜின் அளவுப்படி கிளாஸ்கள் இருந்தன. எங்கள் வண்டி முந்நூற்றைம்பது, அதில் குழப்பம் இல்லை. ஆனால் அதற்குள்ளேயே மூன்று பிரிவு. முதலாவது, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி. இரண்டாவது, மாற்றிய வண்டி. மூன்றாவது, சைடு கார்.

தம்பி முதல் பிரிவுக்கு நின்றான். "அக்கா, மாமா என்ஜின்ல கைய வெக்கவே இல்ல. உள்ள எல்லாம் ஒரிஜினல். வெளிய மாத்தனத மட்டும் பழையபடி போட்டுட்டா நம்மள அடிச்சிக்க ஆள் கெடையாது. நீ வெயிட்டும் கம்மி."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. கழற்றிய சாமான் எல்லாம் பரணில் கிடந்தது. பின் சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்கப் போடுகிற சாரி கார்டு மட்டும் கொல்லையில் என் அவரைக்கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கம்பெனியிலிருந்து வந்தபடி என்றால் சாரி கார்டும் வேண்டுமாம், இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்களாம். தம்பி கொடியை அறுக்காமல் அதை உருவிக்கொண்டு வந்து கழுவியே வைத்துவிட்டான்.

இரண்டாவது பிரிவில் எங்களுக்கு வேலையே இல்லை. அங்கே வருகிறவர்கள் தாழ்வான ஹேண்டில்பாரும் காற்றை வெட்டுகிற மூடியும் போட்டு, என்ஜினைக் குடைந்து வைத்திருப்பார்கள். மலை ஏறுகிற வண்டி இழுக்கும், பறக்காது. அகல ஹேண்டில்பாரில் மாரைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காற்றே நம்மைப் பிடித்து நிறுத்திவிடும். இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் அவர்தான். கேட்டால் எல்லாம் சொல்வார். சொல்லிவிட்டுக் கடைசியில், "உன் இஷ்டம்."

மூன்றாவது பிரிவுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. சைடு காரில் ஆள் ஒருவர் உட்கார வேண்டும், அல்லது அறுபது கிலோ எடை வைத்துக் கட்ட வேண்டும்.

"இதுலதான் ஓடறோம். நீங்க உக்கார்றீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். கசப்பான சிரிப்பு. "சைடு கார்ல போனா வேகம் பாதியா பூடும்டி. அப்டியே போனாலும் நான் எதுக்கு? உன் தம்பி வேன்ல இருந்து ஒரு மல்லாட்ட மூட்டைய வெச்சிக் கட்டு. அறுவது கிலோ போதும்னு போட்டுக்கீறான். நான் எழுவது. பத்து கிலோ மிச்சம்."

"மூட்டைய இட்டும்போயி நான் இன்னா சந்தையிலயா விக்கப் போறேன்?"

"மூட்டைக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்? சொல்லு."

எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அப்போது எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. கப்பும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். இந்த மனுஷனை உட்கார வைத்து அந்த ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, வண்டி எவ்வளவு போகுமோ அவ்வளவு வேகத்தில் கொண்டு போகப் போகிறேன். சைடு கார் என்று எழுதி நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாரி கார்டு மறுபடி அவரைக்கொடிக்கே போனது.

பழகுவதற்குக் கிரிவலப் பாதையை விட்டால் வேறு இடம் ஏது? பௌர்ணமி கூட்டமெல்லாம் கலைந்த சாதாரண நாட்களில், விடிந்தும் விடியாமலும் கிளம்புவோம். ஆசிரமம் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் மலைக்குப் பின்பக்கம் அந்தக் காலத்தில் வெறிச்சென்று இருக்கும். நடக்கிறவர்கள் கண்ணில் பட்டால் வேகத்தைக் குறைத்துவிடுவேன். அடி அண்ணாமலை தாண்டி முறுக்குவேன். அப்படியே ஊருக்குள் வந்து கோயிலைச் சுற்றி வீடு. மட்கார்டு, டயர் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, பின் சக்கரத்துப் பல் சக்கரத்தை மட்டும் சின்னதாக மாற்றினோம்; மலைக்கு வேண்டிய இழுவை போய் வேகம் கொஞ்சம் கூடியது.

சைடு கார் வண்டியில் ஒரு தொல்லை உண்டு. முறுக்கினால் சைடு கார் இருக்கிற பக்கமே வண்டி இழுக்கும். எங்களுடையது இடது பக்கம் இழுத்தது. நான் ஹேண்டில்பாரை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தே தோள்பட்டை விட்டுப்போனது. சைடு கார் சக்கரத்தின் முன்பக்க மூக்கைக் கொஞ்சம் வண்டிப் பக்கம் திருப்பி வைத்தால் சரியாகும் என்றார். முன்பெல்லாம் தரையில் படுத்துக் கயிறு பிடித்து அளந்து செய்கிற வேலை அது. இப்போது குனிய முடியாது, படுத்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும், அது அவருக்கு வெட்கம். சீட்டில் உட்கார்ந்தபடியே, "இன்னும் ஒரு நூல் திருப்பு" என்பார். நான் ஸ்பேனரால் திருப்புவேன். ஒரு சுற்றுப் போய் வருவோம். "இன்னும் இழுக்குதா?" "இழுக்குது." மறுபடி ஒரு நூல்.

இப்படியே திருப்பித் திருப்பி ஒரு காலையில் வண்டி வழிக்கு வந்தது. கையை லேசாக வைத்தாலே போதும், தானாக மலையைச் சுற்றியது. எனக்கு ஒரே பூரிப்பு. "பாத்தீங்களா, கைய விட்டாலும் போவுது!" என்று கத்தினேன். அவரும் தலையை ஆட்டினார். இரண்டு பேருக்கும் அதில் இருந்த கோளாறு தெரியவில்லை பாருங்கள்!

தம்பி வேனில் வண்டியை ஏற்றிக் கட்டிக்கொண்டு போனோம். ஓடுதளத்தில் கொளுத்துகிற வெயில், சிமெண்ட் தரை, இரண்டு பக்கமும் சிவப்புக் கூம்புகள். கூம்பைத் தாண்டி வெளியே போனால் அந்த ஓட்டம் செல்லாது. ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு ஓட்டம். சென்னைப் பையன்கள் பளபளவென்று தோல் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். நான் அவருடைய பேண்ட்டும், மாடியில் தங்கியிருந்த ஒருவர் விட்டுப்போன ஹெல்மெட்டும். சைடு கார் கிளாசில் எங்களைத் தவிர ஒரு வண்டியும் இல்லை. தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

எங்கள் முறை வந்தது. கொடி இறங்கியதும் கிளம்பினேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். மூன்றாவதிலேயே வண்டி மெதுவாக வலப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. இடப்பக்கம் இழுத்தேன். கேட்கவில்லை. நாலாவது போட்டதும் முரட்டு மாடு மாதிரி வலப்பக்கமே முட்டிக்கொண்டு போனது. கூம்பு ஒன்று பறந்தது, இன்னொன்று பறந்தது, அப்புறம் சிமெண்ட் முடிந்து புல். எப்படி நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால் அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

தம்பி ஓடி வந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்ததும் குபீரென்று சிரித்துவிட்டான். "அக்கா, வண்டி மலைய தேடிக்கினு போவுதுக்கா!"

அப்போதுதான் உறைத்தது. பழகிய நாளெல்லாம் மலையை வலப்பக்கம் வைத்தே சுற்றியிருக்கிறோம். எங்கள் ஊர்க்காரர்கள் மலையைச் சுற்றுவது என்று கிளம்பினால் வேறு பக்கமாகப் போவார்களா? பெட்ரோல் போட்டு ஓட்டினாலும் பிரதட்சிணம் பிரதட்சிணம்தானே. அந்தப் பாதை முழுக்க வலது வளைவு. அதற்கு ஏற்ற மாதிரி சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, நேராகப் போகவே தெரியாத ஒரு வண்டியைச் செய்து வைத்திருக்கிறோம்! இன்னொரு நாளாக இருந்தால் நானும் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அழுகைதான் வந்தது.

ஓட்டங்களைக் கவனிக்கிற அதிகாரி, தொப்பி போட்ட பெரிய மனுஷர், ஜீப்பில் வந்தார். கோபப்படவில்லை. "ஏம்மா, அந்த சைடு காரக் கழட்டிடுங்க. ரெண்டாவது ஓட்டத்துக்கு முன்னாடி கிளாஸ் மாத்திக்கலாம், ரூல் இருக்கு. தனி வண்டியா ஓட்டுங்க. லேடீஸ் ஓட்டறாங்கன்னாலே எல்லாரும் கைதட்டுவாங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேசினார். "கழட்டிடு. வேணான்னா மூட்டைய வெச்சி ஓட்டு. நான் எறங்கிக்கிறேன். உன் இஷ்டம்."

அவ்வளவுதான். இரண்டு வருஷமாக அடக்கி வைத்தது எல்லாம் அந்த வெயிலில் வெடித்துவிட்டது.

"என் இஷ்டமா? என் இஷ்டம் இன்னான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? சோத்துல கல்லு கெடந்தா தட்டத் தூக்கி அடிச்ச மனுஷன் வேணும் எனக்கு, அதான் என் இஷ்டம்! கப்பு வாங்கவா வந்தேன்? இவங்க கைதட்டறதக் கேக்கவா வந்தேன்? உங்களுக்காக வந்தேன்! கால் மடங்கலன்னா போவுது, அது பாட்டுக்கு நீட்டிக்கினு கெடக்கட்டும். நீங்க எங்க போனீங்க? மூட்டையாம் மூட்ட! மூட்டையத்தான் கட்டினு வந்திருக்கேன்னா அத அன்னிக்கே தாலி கட்டறப்பவே சொல்லியிருக்கணும்!"

தொப்பிக்காரர் மெல்ல நாலடி பின்னால் போனார். தம்பி தரையைப் பார்த்தான். எனக்கு மூச்சு வாங்கியது, மூக்கு ஒழுகியது, எதிரில் சென்னைப் பையன்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை.

என் வீட்டுக்காரர் தம்பியைப் பார்த்து, "ஸ்பேனர் பைய எட்தா. வேன்ல மூட்ட கட்ற சணல் இருக்கும், அதையும் எட்தா" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் தாங்கப் போனேன். "வுடு" என்று கையைத் தட்டிவிட்டார். மடங்காத காலை ஒரு பக்கமாக நீட்டி, அந்தக் கொதிக்கிற தரையில் அத்தனை பேர் முன்னாலும் மல்லாந்து படுத்தார். நானும் தம்பியும் இரண்டு முனையில் சணலைப் பிடிக்க, வண்டிச் சக்கரங்களுக்கு நேராக ஒன்று, சைடு கார் சக்கரத்துக்கு நேராக ஒன்று என்று அளந்தார். சக்கரத்தின் மூக்கை வெளியே திருப்பினார், முடுக்கினார், மறுபடி அளந்தார். சட்டை முதுகெல்லாம் கருப்பாகிவிட்டது. எழுந்திருக்கும்போது மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும். அத நான் பாத்துக்கிறேன். நான் வலது பக்கம் உன் மேல சாஞ்சிக்கிறேன். நீ முறுக்கறத மட்டும் வுடாத. வுட்டன்னா பாரு" என்றார்.

இரண்டாவது ஓட்டம். அவர் சைடு காரிலிருந்து பாதி உடம்பை வெளியே எடுத்து என் தொடைமேல் தோளை அழுத்திக்கொண்டு வந்தார். மூன்றாவது கியர். வண்டி லேசாக இடப்பக்கம் போனது, அவர் இன்னும் அழுத்தினார், நேரானது. நாலாவது. ஹெல்மெட்டுக்குள் காற்று ஊளையிட்டது. அதையும் மீறி அவர் கத்துவது கேட்டது. "முறுக்குடி! இன்னும் முறுக்கு! இன்னாத்துக்கு பயப்பட்ற, தூ, முறுக்கு!" முறுக்க இன்னும் மிச்சமே இல்லை, நான் ஏற்கெனவே முழுதாக முறுக்கியிருந்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். ஹெல்மெட் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை. கூம்புகள் இரண்டு பக்கமும் அசையாமல் நின்றதை மட்டும் பார்த்தேன்.

எண்பத்தெட்டு கிலோமீட்டர் வேகம் என்று தொப்பிக்காரர் சொன்னார். கம்பெனி வண்டிகளின் கிளாசில் கடைசியாக வந்த பையனுக்குக்கூட அதைவிட ஜாஸ்தி. சைடு கார் கிளாசில் நாங்கள் மட்டும்தான் என்பதால் முதலிடம் எங்களுக்கு, கடைசி இடமும் எங்களுக்கு.

"இன்னொரு ஓட்டம் குடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"ரெண்டுதாங்க. ரெண்டும் முடிஞ்சிடுச்சி."

"மொதல் ஓட்டம் செல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க? செல்லாதது எப்டிங்க கணக்குல சேரும்? ஒண்ணுதான் ஆயிருக்கு. குடுங்க இன்னொண்ணு."

"சார், ரூல் அப்படி இல்ல..."

"எந்த ரூல்ல போட்டுக்கீது? எட்த்தும் வா, காட்டு! திருவண்ணாமலையில இருந்து வேன் வெச்சி வந்துக்கீறோம், வெளையாட்டா இருக்குதா உங்களுக்கு? நேராப் பேசுய்யா! வண்டிய இப்பதான்யா சரி பண்ணிக்கீறன், இப்பப் போனா தொண்ணூறு தாண்டும்யா!"

குரல் அந்த ஓடுதளத்தின் மறு முனை வரை கேட்டிருக்கும். நீட்டின காலைத் தரையில் ஊன்றி, விரலை அந்த அதிகாரி மூக்குக்கு நேரே ஆட்டி ஆட்டிப் பேசினார். தொப்பிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. தம்பி பதறிப்போய், "மாமா, மாமா" என்று விலக்கிவிட ஓடினான்.

நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"வுட்றா, பேசட்டும்" என்றேன்.